எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டு

கல்பாக்கம் டவுன்ஷிப்
23.8.1998

சௌபாக்கியவதி ரோகிணிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள், கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனும் குழந்தை சஹானாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருப்போரூர் முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் ஆயிற்று, நல்லபடியாக முடிந்தது என்று போனில் அவசர அவசரமாகச் சொன்னேன். பூத்துக்காரன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான், எனக்குப் பின்னால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுப்புராமன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்த நிலையில் எதைச் சொல்வது. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கு இங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தார். அங்கே பெரிய சர்ஜன் காசிநாதன், சீமையில் படித்துவிட்டு வந்தவர், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அப்படிச் சிரிப்பவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன் என்பது உனக்குத் தெரியும். கல் இருக்கிறது, பித்தப்பையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், அதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் போட்டு எடுப்பது, பழைய காலத்து ஒரு சாண் வெட்டு இல்லை, சுண்டுவிரல் நீளம்தான். இன்னொன்று, வயிற்றுக்குள் காற்றை அடித்து உப்ப வைத்து, நாலு சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே மற்ற ஓட்டைகள் வழியாக நீளக் கருவிகளால் அறுத்து எடுப்பது. சரி, இதில் எது நல்லது, அதைச் செய்யுங்கள் என்றேன். அதுதான் எங்களுக்குத் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ஆராய்ச்சி நடத்துகிறோம், உங்கள் மனைவியும் அதில் சேரலாம் என்றாரே பார்க்கலாம். பக்கத்தில் இருந்த வசுமதி என்ற இளம் டாக்டர்தான் அதைக் கவனித்துக்கொள்கிறாள், உன் வயதுதான் இருக்கும். மயக்க மருந்து கொடுத்த பிறகு ஒட்டிய கவர் ஒன்றைப் பிரிப்பார்களாம், அதில் கீறல் என்று வந்தால் கீறல், ஓட்டை என்று வந்தால் ஓட்டை. அதைவிடப் பெரிய வேடிக்கை, ஆபரேஷன் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே அளவில், வயிற்றை முழுக்க மறைத்துப் பெரிய கட்டாகப் போட்டுவிடுவார்களாம். கட்டைப் பிரிக்கும் நாள் வரை எது நடந்தது என்று நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள், கட்டிய புருஷனுக்கும் சொல்ல மாட்டார்கள், வார்டு நர்சுக்கே தெரியாது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். இருபத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் குப்பை கொட்டியிருக்கிறேன். வெல்டிங் பிரமாதம் என்று யார் வந்து சொன்னாலும் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவனிடம் வந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவோம், பார்க்கக் கூடாது என்றால்? அந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன், எதையம்மா மறைக்கிறீர்கள் என்று. அவள் கோபப்படவில்லை. "புதுசு வந்தா அதான் நல்லதுன்னு எல்லாரும் நம்பிடறாங்க சார். ஓட்டைதான் போட்டாங்கன்னு தெரிஞ்சா பேஷன்ட்டுக்கு வலி கம்மியா தோணும், நர்சும் சீக்கிரம் எழுப்பி நடக்க விடுவாங்க. அப்புறம் வலி குறைஞ்சது ஆபரேஷனாலயா நம்பிக்கையாலயான்னு எப்படித் தெரியும்" என்றாள். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்த ஃபிலிமை நான் பார்க்கும்போது வெல்டரின் பெயர் இருக்கும் மூலையில் காகிதத்தை ஒட்டிவிட்டுத்தான் பார்ப்பேன், வேண்டியவன் என்று தெரிந்தால் கண் தானாக விட்டுக்கொடுக்கும். இவள் சொன்னதும் அதே சங்கதிதான். எனக்கு அது புரிந்துபோயிற்று, அதில்தான் எரிச்சல். புரிந்தாலும் இரும்புக் குழாய் வேறு, உன் அம்மா வேறு இல்லையா.

சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து யாரையாவது விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சுப்புராமனைக் கேட்டேன், ஓட்டை வழியாக எடுத்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும் என்றார், அவருக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இதற்குள் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா. காய்கறி வாங்கிவிட்டு வந்து பார்க்கிறேன், படிவத்தில் தெய்வநாயகி என்று முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள். என்ன இது என்றால், "ரோகிணிக்கு ரெண்டு வரன் வந்தப்போ திருப்போரூர் சன்னதியில பூக்கட்டிப் பாத்துதானே முடிவு பண்ணினோம், அப்போ நீங்க ஒண்ணும் சொல்லலையே, இதுவும் அதுமாதிரிதான்" என்கிறாள். மாப்பிள்ளை நல்லவர், அதைப் பற்றி இல்லை. ஆனால் சன்னதியில் வெள்ளைப் பூ வந்தாலும் சிவப்புப் பூ வந்தாலும் அது முருகன் பொறுப்பு, இங்கே கவரில் வருவது யார் பொறுப்பு என்று கேட்டேன். அவள் சாதம் வடிக்கப் போய்விட்டாள். அவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கல் இருப்பதே அந்த மாசம் டவுன்ஷிப் செக்கப்பில்தான் தெரிந்தது, அதற்கு முன்னால் ஒரு நாள் கூட வயிறு வலிக்கிறது என்று சொன்னவள் இல்லை.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் ஒரு தட்டில் வைத்துப் பித்தப்பையையும் கற்களையும் காட்டினார்கள், வழக்கமாக எல்லா ஆஸ்பத்திரியிலும் காட்டுவதுதான். மிளகு சைஸில் ஒரு கைப்பிடி. வெளியே வந்தது உண்மை, சரி, எந்த வழியாக வந்தது என்று தட்டைப் பார்த்தால் தெரியவில்லை. காசிநாதன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கட்டைப் பார்த்தேன், விலாவிலிருந்து அடிவயிறு வரைக்கும் பஞ்சும் பிளாஸ்திரியும், அதன்மேல் எல்லா இடத்திலும் பழுப்பு மருந்து, ரத்தம் எங்கே கசிந்தது என்று கண்டுபிடித்துவிடக் கூடாதாம். மறுநாள் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்க்கலாம் என்று கையை வைத்தேன், வார்டு ஆயா பார்வதம் எங்கிருந்தோ வந்துவிட்டாள். "இன்னா சார் நோண்டிகினு கீறே, அந்தாண்ட போய் குந்து, அந்தப் பொம்பள டாக்டரு பாத்தா என்னைத்தான் பேஜாரு பண்ணும்" என்று சத்தம் போட்டாள். அடுத்த கட்டிலில் மாமல்லபுரத்திலிருந்து வந்த ஜெய்புன்னிசா என்ற அம்மாள், அவளுக்கும் அச்சு அசல் அதே கட்டு, அவள் வேறு சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மா இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். காற்று அடித்த வயிற்றுக்காரர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு தோள்பட்டை வலிக்கும் என்று வசுமதி முன்பே சொல்லியிருந்தாள். ஆகா, பிடித்துவிட்டேன், நாலு ஓட்டைதான் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அம்மாவிடம் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, தலையணை சரியில்லை என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் வசுமதி வந்து வலி எவ்வளவு என்று கேட்பாள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து, நடுவில் ஒரு எண் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன், உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு என்றாள். அடுத்த நாள் அந்தப் பெண், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சார் என்றாள். ஏன், நான் இருந்தால் என்ன என்று கேட்டேன், சும்மாதான் சார் என்றாள். சும்மா என்று ஒருவர் சொன்னால் நான் சும்மா இருப்பேனா, ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என்னைப் பற்றி ஏதோ பேசப் போகிறார்கள், ஆபரேஷனில் நடந்த தப்பை அவளிடம் மட்டும் சொல்லப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வசுமதி கேட்டாள். உன் அம்மா கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், எட்டும்மா என்றாள்.

எட்டு. நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். நேத்து ரெண்டு சொன்னீங்களே என்று அந்தப் பெண்ணும் கேட்டாள். அதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவர் எதிர்ல சொல்ல முடியாதும்மா. எப்பலேர்ந்து, எங்கே, எதுனால, நேத்து ஏன் சொல்லலைன்னு வரிசையா கேப்பார். வலியைத் தாங்கிடலாம், அது நெஜம்னு அவருக்குப் புரிய வைக்கத் தெம்பு இல்ல. ரெண்டு வருஷமா இப்படித்தான், வலி வந்தா பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்பேன். உங்க ஆராய்ச்சியில சேந்தா சீக்கிரம் தேதி குடுப்பீங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, அதான் கையெழுத்துப் போட்டேன்." நான் செருப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் ஏரிக்கரையில் நின்றேன். வலி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள் போல, திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது. பார்வதம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கட்டைப் பிரித்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். எது என்று நினைக்கிறீங்க சார் என்று வசுமதி கேட்டாள், நாலு ஓட்டை, தோள் வலியை வைத்துச் சொல்கிறேன் என்றேன். பிரித்தால் விலாவுக்குக் கீழே ஒரே ஒரு கீறல். காற்றும் அடிக்கவில்லை, கேமராவும் விடவில்லை. முகம் சுளிப்பதை நான் பார்த்துவிடக் கூடாது என்று இடது பக்கமே ஒருக்களித்துப் படுத்து வந்த தோள் வலி அது. ஜெய்புன்னிசா அம்மாளுக்குத்தான் ஓட்டையாம், அவள் வலி எவ்வளவு சொன்னாள் என்று கேட்டேன், அதைச் சொல்லக் கூடாது சார் என்றுவிட்டாள் வசுமதி. முடிவு வர ஒன்றிரண்டு வருஷம் ஆகுமாம். வந்தாலும் நான் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் காபியோடு போய் எவ்வளவு என்று நானே கேட்கிறேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் ஐந்து என்றாள். இன்று நாலு. ஏன் நாலு, எங்கே நாலு என்று வாய் வரைக்கும் வந்தது, காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா குளிக்கப் போனால் குழாய்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறேன், அந்தப் புத்தி போகவில்லை.

இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், குழந்தைக்குத் தமிழில் நாலு வார்த்தை பேசு, நவம்பரில் பனி ஆரம்பிக்கும் முன்னால் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். சகல சௌபாக்கியத்தோடும் தீர்க்காயுசோடும் இரு. ஒன்றே ஒன்று. நாலு வருஷமாக எந்தப் போனிலும், நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொல்கிறாய். அதை நான் இனிமேல் நம்புவதாக இல்லை. அடுத்த தடவை பேசும்போது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை மட்டும் சொல். எதுவாக இருந்தாலும் சொல்லம்மா. நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபாலகிருஷ்ணன்