லிஃப்டில் மாட்டிக்கொண்ட பல் டாக்டர்

மார்ச் 12, ஞாயிறு, மாலை 5.40. வீட்டில் மூன்று பேர், மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவளே, ஃபோனில் சொன்னால் எல்லாவற்றுக்கும் சரி சித்தப்பா என்பாய், அதனால் மின்னஞ்சல். உன்னைவிட எட்டு வயதுதான் மூத்தவன், ஆனாலும் அண்ணன் போனதிலிருந்து உங்கள் இருவருக்கும் அப்பா வேலை பார்க்கிறவன் நான், அந்த உரிமையில் கேட்கிறேன், உனக்குப் புத்தி இருக்கிறதா. பல் டாக்டருக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, உனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தங்கை அவரைப் பார்த்துச் சிரித்தாள், அவளுக்குத்தான் ஆசை என்று நீயாக முடிவுகட்டி, அவளோடு பழகிப் பாருங்கள் என்று அவரிடமும், அவர் நல்லவர் போய்ப் பேசு என்று இவளிடமும் சொல்லிவிட்டு வேலைக்கென்று வெளியூர் போய் உட்கார்ந்துகொண்டாய். அன்று அவள் சிரிக்கவே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

இன்று காலை அவர் கிளினிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, வந்து சரிசெய்யுங்கள் என்று கூப்பிட்டார்கள். கூண்டின் மேல் ஏறிக் கதவு மோட்டாரைப் பார்க்கிறேன், உள்ளே டாக்டரும் சின்னவளும். நான் மேலே இருப்பது தெரியாது. அடுத்த ஞாயிறு எங்க வீட்ல இருந்து நிச்சயம் பண்ண வர்றாங்க, உங்களுக்குச் சம்மதம்தானே என்று அவர் கேட்கிறார், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் குரலில். அக்கா சொன்னாளேன்னுதாங்க நான் வந்துட்டிருக்கேன் என்கிறாள் இவள். நானும் உங்க அக்கா சொன்னாங்களேன்னுதாங்க என்கிறார். அப்ப ஏன் சொல்லலை என்று ஒருவரையொருவர் கேட்டால், உங்க மனசு கஷ்டப்படுமேன்னு என்று இருவரும் ஒரே நேரத்தில். ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க, வேலை பார்க்கணும் என்று மேலிருந்து கத்தினேன். சரிங்க என்றார் டாக்டர். அவருக்கும் உன் வியாதிதான்.

வீட்டுக்கு வந்து சின்னவள் அழுதாள், அவருக்காக இல்லை. அக்கா ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல சித்தப்பா என்றாள். தன்மையாக எழுதச் சொன்னாள் உன் சித்தி, இதுதான் தன்மை. நேரத்துக்குச் சாப்பிடு, அடுத்தவர் ஷிஃப்டையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, மனசில் இருப்பதைச் சொல்லி நன்றாக இரு. இனி நான் செய்யப்போவது:

1. நாளை டாக்டரின் அம்மாவிடம் போய் நிச்சயம் வேண்டாம் என்பேன். நான் அதிகம் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சித்தியும் வருவாள்.
2. டாக்டரை உனக்கு ஃபோன் செய்யச் சொல்வேன். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல், யாரும் செத்துவிட மாட்டார்கள்.
3. அதற்கு முன், இன்று ராத்திரி நீ கூப்பிடும்போது ஃபோனைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு நானும் சித்தியும் வெளியே போய்விடுவோம். அவள் திட்டுவாள். வாங்கிக்கொள்.

ஆசியுடன்,
சித்தப்பா