நடுவில் ஒரு செம்பு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

இன்று கணினியில் ஐம்பத்தைந்து வெள்ளி அணுக்களை உருண்டையாகச் சேர்த்துச் சூடேற்றினேன். சட்டென்று உருகிவிட்டது. மறுபடி அதே உருண்டையைச் செய்து, நடு அணுவை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய செம்பு அணு ஒன்றை வைத்தேன். நெருக்கியடித்துக்கொண்டிருந்த வெள்ளியெல்லாம் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது. அதே சூட்டில் அசையவே இல்லை! நான் துள்ளியதில் டீ கையில் கொட்டிவிட்டது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே.

பக்கத்து மேசைக்காரர், "என்னப்பா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார்.

"அதுக்கும் மேல சார்!" என்றேன்.

நம் இருவருக்கும் நடுவில் பாப்பா தூங்குவது ஞாபகம் வந்தது. அவள் போர்வையை அனுப்பு. இங்கே குளிர். எனக்கு முழங்காலுக்குக்கூட எட்டாதுதான், பரவாயில்லை.

அடுத்த உருண்டை காத்திருக்கிறது, ஓடுகிறேன். போர்வையைத் துவைத்துவிடாதே.

பாப்பாவின் அப்பா