இடாப்பில் இருக்கிற பதினேழு பேர்

மார்ச் 18, திங்கள்

வெயில். காற்றே இல்லை. சைக்கிளின் பின்சில்லு காற்றுப்போய், சந்தியிலிருந்து உருட்டல். என் தொந்தி எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது.

க.பொ.த. சாதாரணப் பெறுபேறு வந்துவிட்டது. என் பத்தாம் வகுப்பில் பரீட்சைக்கு இருந்தவர்கள் 14. சித்தி பெற்றவர்கள் 9. தவமணிக்கு விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் அதிவிசேடம். எழுவைதீவிலிருந்து தினமும் வள்ளத்தில் வருகிற பிள்ளை. பாவாடைக் கரையில் உப்பு, கையில் செருப்பு. வகுப்புக்குப் பிந்தி வந்து, விடையை முந்தி எழுதிக் கொடுப்பவள்.

அதிபர் எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்தார். நான் இங்கே வந்த பதினொரு வருடத்தில் முதல் தடவை. பயந்துபோனேன்.

காரணம் பிறகு தெரிந்தது. கல்விக் கந்தோரிலிருந்து ஒரு படிவம். தீவுப் பகுதியில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பாம். பெறுபேறு நல்லதாக இருக்கிற இடத்துக்கு. எங்களிடம் உயர்தரத்தில் கலை மட்டும்தான்.

"நீர் நிரப்பும் மாஸ்ரர். உம்மடை எழுத்து வடிவு," என்றார் அதிபர்.

என்னில் வேறெதையும் ஒருவரும் வடிவென்று சொன்னதில்லை. ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

வாங்க வேண்டியவை: சைக்கிள் ரியூப், மண்ணெண்ணெய், மனுசிக்கு வெற்றிலை. பாண் கிடைத்தால் பாண்.

தவமணியின் தகப்பன் வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"இஞ்சை வகுப்பு வந்தால் படிக்கட்டும் மாஸ்ரர். காலமை வந்து பின்னேரம் திரும்பிடுவாள். யாழ்ப்பாணத்திலை விடுதியிலை விட என்னாலை ஏலாது. வராட்டில், என்ரை தங்கச்சி தன்ரை பெடியனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குடுத்திடுவன்."

"வகுப்பு வரும். யோசியாதேங்கோ."

இந்த வாயை வைத்துக்கொண்டுதான் இருபத்தைந்து வருடம் பிழைக்கிறேன்.

வாசலில் தவமணி. "சேர், தாவரவியல் புத்தகத்தை இப்பவே வாசிக்கத் தொடங்கட்டோ?"

"தொடங்கு பிள்ளை." என் அலுமாரியிலிருந்த புத்தகத்தையே கொடுத்தேன்.

மார்ச் 20, புதன்

படிவம். முதல் பக்கம், தந்தையின் தொழில்.

கடை, தெற்கில்: அரைவாசிக்கு மேல்.
மிளகாய், புகையிலை: கேட்டால் "ஏதோ செய்யிறம்" என்பார்கள். போன மாதம்தான் ஒருவர் மெத்தை வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்.
பனை: வயல் உழுகிறவர்கள் மாதிரிக் "கமம்" என்று எழுதச் சொல்வார்கள்.
சம்பளம்: தபால் கந்தோர் ஒருவர். வெள்ளைச் சட்டை, எல்லாருக்கும் புத்திமதி.
மீன்: தவமணி. ஒளிக்காமல் எழுதியவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாம் பக்கம், வகுப்பு மாணவர் தொகை. வரவு இடாப்பைத் திறந்தேன். 31.

உண்மையில் இருந்த பிள்ளைகள் 14. மற்றப் பதினேழு பேரும் ஒன்பதாம் வகுப்போடு தகப்பன்மாரின் கடைகளுக்குப் போய்விட்டார்கள். காலியிலும் பதுளையிலும் சீனி நிறுக்கிறார்கள். இங்கே நான் பரீட்சை வரை தினமும் அவர்களுக்கு வரவுக் கோடு போட்டுவந்தேன். தொகை குறைந்தால் ஓர் ஆசிரியருக்கு இடமாற்றம். போவது கணித ரீச்சராக இருக்கும். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெயர் வெட்டுகிற வழக்கம் இல்லை. கந்தோர் நம்ப வேண்டுமே என்று இடையிடையே "வரவில்லை" போடுவேன். பதுளையில் இருக்கிற ஒருவனுக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு என்று இரண்டு கிழமை லீவும் கொடுத்திருக்கிறேன். அந்த லீவுக் கடிதத்தை எழுதும்போது நானே சிரித்தேன்.

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில்: சித்தி வீதம் இடாப்பிலுள்ள தொகைக்கே கணிக்கப்படும்.

பதினாலில் ஒன்பது என்றால் தீவில் எங்களை ஆரும் கிட்ட நெருங்கார். முப்பத்தொன்றில் ஒன்பது?

மூன்று தரம் வாசித்தேன். எழுத்து பெரிதாகவில்லை.

மார்ச் 21, வியாழன்

அதிபர் அறை.

"பதினாலு எண்டு போடுவம், சேர்."

"மாதாமாதம் முப்பத்தொண்டு எண்டு எழுதினது ஆர்?"

"நான்."

"கையெழுத்து வைச்சது ஆர்?"

"நீங்கள்."

"கந்தோரிலை ரண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தால்?"

"அப்ப நடந்ததைச் சொல்லிப்போடுவம்."

அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். "உமக்குப் பென்சனுக்கு எத்தினை வருசம்?"

"ஏழு."

"எனக்கு ஒண்டு."

31 என்று எழுதினேன். வடிவான எழுத்து.

இரவு மனுசி, "என்ன, முகம் அவிச்ச கத்தரிக்காய் மாதிரி?" என்றாள். சில்லு ஒட்டுப்போட்டது சரியில்லை என்றேன்.

மே 14, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கண்ணெல்லாம் மண்.

பதில் வந்தது. வகுப்பு வேறு தீவுப் பள்ளிக்கூடத்துக்கு. எழுவைதீவிலிருந்து அங்கே தினமும் போய்வர வள்ளம் இல்லை. எங்களைப் பற்றி இரண்டு வரி: மாணவரில் பெரும்பாலோர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. ஆசிரியர்களின் ஊக்கம் போதாது.

அந்தப் பள்ளிக்கூடத்தில், படிப்பை விட்டுப்போன பிள்ளைகளின் பெயரை அன்றன்றே வெட்டிவிடுவார்களாம். ஓர் ஆசிரியரையும் இழந்தார்களாம். ஆசிரியர் அறையில் எல்லாரும் அவர்களை ஏசினார்கள். நானும் சேர்ந்து ஏசினேன். நன்றாகவே ஏசினேன், எல்லாரும் சிரித்தார்கள்.

கணித ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

மே 16, வியாழன்

தவமணி புத்தகத்தைத் திருப்பித் தர வந்தாள். பாதிக்கு மேல் பென்சில் குறிப்பு. பிறகு அழிறப்பரால் அழித்திருக்கிறாள், என் புத்தகம் என்று.

"சேர், எங்கடை வகுப்பிலை பதினாலு பேர்தானே இருந்தனாங்கள். ஆர் அந்தப் பெரும்பாலோர்?"

"கந்தோரிலை பிழையாய் எண்ணிப்போட்டினம் பிள்ளை."

"அப்ப எழுதிக் கேக்கலாமே, சேர்."

என் சட்டைப்பையில் பேனை இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"பாப்பம்."

"ஆனியிலை எனக்குக் கலியாண எழுத்து, சேர். அதுக்குள்ளை பதில் வருமோ?"

புத்தகத்தை நீயே வைத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு பகிடி யோசித்தேன். வரவில்லை.

மே 20, திங்கள்

காற்று இன்னும் பலம். எழுவைதீவு வள்ளம் இரண்டு நாளாக வெளிக்கிடவில்லை.

கலை வகுப்பு இடாப்பும் இனி என் பொறுப்பு. தொகைக்கு ஆள் காணாது என்று அதிபர் கவலைப்பட்டார். "அந்தப் பிள்ளை தவமணியின்ரை பேரைக் கலைக்குப் போட்டுவிடும் மாஸ்ரர். நல்ல பெறுபேறு. ஒருத்தரும் கேள்வி கேளார்."

போட்டேன். கடைசிப் பெயர்.

எட்டு மணிக்கு இடாப்புக் கூப்பிட்டேன். அவள் பெயரை மட்டும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

தவமணி. வரவு. ஒரு கோடு.