சென்றியில் தந்த வெறும் போத்தல்

ஐப்பசி, வெள்ளி இரவு.

என்ட புருஷனுக்கு இன்னும் சத்தி நிக்கல்ல, கக்கிக்கொண்டே கிடக்கிறார். வாயெல்லாம் நுரையும் ரத்தமும்.

சண்டையால கடையில சவர்க்காரம் இல்லாமப் போன நாளில இருந்து நாங்க வீட்டில சவர்க்காரத் தண்ணி காய்ச்சி விக்கிறம். காய்ச்சினதைப் பிளாஸ்ரிக் கானில ஊத்திச் சைக்கிளில கட்டிக்கொண்டு ஆரையம்பதி முழுக்கப் போவம். சனம் தங்கட வெறும் போத்தலைக் கொண்டுவந்து நிரப்பும். எங்கட சாமானுக்குப் பேரும் இல்ல, லேபலும் இல்ல.

இண்டைக்கு அதுதான் வினையாப் போச்சு. றோட்டை மறிச்சுச் சோதிக்கிற சென்றியில ஆமிக்காரன் கானைத் திறந்து மணந்து பார்த்தான்.

"பேர் எங்க? குண்டு மருந்தா?"

"உடுப்புக் கழுவிற சவர்க்காரம், சேர்" எண்டார் இவர்.

"அப்ப குடி."

இவர் தயங்கினார். துவக்குப் பிடியால வாயில இடிச்சான். முன்பல் ரெண்டும் மண்ணில விழுந்திற்று. உடைஞ்ச வாய்க்குள்ளயே ஒரு கோப்பை ஊத்தினான். நான் அவன்ட காலில விழுந்து கத்தினன். இவர் நுரை நுரையாக் கக்கின பிறகுதான் நம்பினான். சிரிச்சுக்கொண்டு ஒரு வெறும் சாராயப் போத்தலை என்ட கையில தந்தான்.

"நல்ல சாமான். முகம் கழுவ எனக்கும் வேணும். நாளைக்கு ரெண்டு பேரும் நிரப்பிக்கொண்டு வாங்க."

நிரப்பினன். சவர்க்காரம் இல்ல, அது காய்ச்சப் போடுற கோஸ்டிக் சோடாவின்ட வெறும் கரைசல். ஒரு சொட்டுப் பட்டு என்ட விரல் தோல் உரிஞ்சு கிடக்கு. அவன்ட கண் ரெண்டும் அவியட்டும் எண்டுதான் மூடியை இறுக்கினன்.

இறுக்கின பிறகுதான் யோசிச்சன். நாளைக்கும் லேபல் இருக்காது. முதல் மிடறு இவரைத்தான் குடிக்கச் சொல்லுவான்.