வாசலில் கழற்றாத செருப்பு

என் அன்புக்குரியவரே,

இப்படித் தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். உயிரோடு இருந்தவரை "ஏங்க" என்பதற்கு மேல் உங்களை நான் அழைத்ததில்லை. கல்லறைத் திருநாள் வருகிறது, மறைந்தவர்களுக்குப் பங்கு இதழில் நாலு வரி எழுதலாம் என்று ஃபாதர் சொன்னார். எனக்கு நாலு வரியில் பேசத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கிப் போட்ட வெள்ளானூர் கிரவுண்டில் வீடு எழும்பிவிட்டது. வெளிப்பூச்சு இன்னும் பாக்கி, கிணற்றுக்குச் சுவர் கட்டவில்லை. ஆனாலும் போன ஞாயிறு ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்துவிட்டார். நம் மகள் ஸ்டெல்லா தனக்கென்று ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள்.

அந்த வீட்டுக்கு வழிகாட்டியது உங்கள் செருப்பு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆவடி மார்க்கெட் ஓரத்தில் சொல்லித் தைத்தது. அடியில் லாரி டயர், பின்னால் பெல்ட். ஃபாக்டரிக்கும் அதுதான், காய்கறி வாங்கவும் அதுதான். மழையில் குவார்ட்டர்ஸ் தெரு குளமானாலும், தவக்காலத்தில் பரங்கிமலை ஏறினாலும் அதேதான். வார் அறுந்தால் வாரை மாற்றுவீர்கள், பக்கிள் துருப்பிடித்தால் பக்கிளை. என் தங்கை கல்யாணத்துக்கும் அதோடு வந்து நின்றீர்களே, எனக்கு மானமே போயிற்று.

"காலுக்குக் காத்தும் வேணும், முள்ளும் ஏறக் கூடாது மேரி. வேற எந்தச் செருப்பு இது எல்லாத்துக்கும் தோதுப்படும், சொல்லு?" என்று என்னையே மடக்குவீர்கள். பிறகு மறந்துபோய் அதோடு வீட்டுக்குள்ளும் வருவீர்கள். "வாசல்ல கழட்டுங்க!" என்று நான் கத்தாத நாள் உண்டா?

ஃபாக்டரியில் நெஞ்சு வலித்து விழுந்த அன்று, உங்கள் உடலை ஒப்படைத்தபோது அந்தச் செருப்பைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சவப்பெட்டியில் வைக்கும்போது கோட்டும் ஷூவும் போட வேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஷூ என்ன நம்பர் என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. டயர் செருப்புக்கு ஏது நம்பர்? நம் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவின் நம்பர் எனக்கு நினைவிருந்தது, அதைச் சொன்னேன். ஆனால் இத்தனை வருடம் திறந்தே நடந்த கால் அகன்று போயிருந்தது. விரல்கள் உள்ளே போகவே இல்லை. பெட்டிக்காரர் பிளேடால் ஷூவின் பின்பக்கத்தைக் கிழித்துத்தான் மாட்டிவிட்டார். செருப்பையே போட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. தூத்துக்குடியிலிருந்து உங்கள் அண்ணன் வந்து, "முள்ளுக்காட்டுல பொம்பளையாளு தனியா என்னம்மா செய்வே? வெள்ளானூர் கிரவுண்ட வித்துப்போட்டு ஊருக்கு வந்துரு" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். விற்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மட்டும் வெள்ளானூருக்குப் போனேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அங்கே போவீர்களே, உங்கள் கால் போட்ட ஒற்றையடிப் பாதை சில மாதத்திலேயே வேலிக்காத்தான் முள்ளால் மூடிவிட்டது. என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் உள்ளங்காலில் ஏறியது. நின்ற இடத்திலேயே அழுதேன். முள்ளுக்காகத்தானா அழுதேன்?

எருமை மேய்க்கும் முனுசாமி ஓடிவந்தார். "இன்னாமா, ரப்பர் செருப்ப மாட்டிகினு இங்க வந்துகீறியே? அண்ணாத்தே செருப்பு இன்னா ஆச்சு? அத்த போட்டாத்தான் இந்த முள்ளு அடங்கும்" என்றார்.

"அவர் இல்லீங்க" என்றேன்.

முனுசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு இடத்தைக் காட்டினார். "அத்தோ, அங்கதான் குந்திகினு இருப்பாரு. இங்க அடுப்பங்கர, கெழக்கால பெரிய ஜன்னலு, எங்க ஊட்டுக்காரி இருட்டுலயே சமைக்கிறான்னு சொல்லிகினே இருப்பாரு."

குவார்ட்டர்ஸ் அடுப்படி இருட்டு என்று நான் முணுமுணுத்ததெல்லாம் உங்கள் காதில் விழுந்ததா? ஒரு நாளும் பதில் சொன்னதில்லையே நீங்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் இருந்த பையை எடுத்தேன். ஆணியைச் சூடாக்கி உங்கள் செருப்பு வாரில் கூடுதலாக ஓட்டை போட்டேன். என் கால் அதற்குள் நீந்தியது, ஆனாலும் பெல்ட் பிடித்துக்கொண்டது. "செத்தவங்க செருப்ப யாராவது போடுவாங்களா?" என்று பக்கத்துவீட்டு அக்கா வாயைப் பொத்தினாள். உங்கள் அண்ணனுக்கு, விற்கவில்லை என்று எழுதிப் போட்டேன். அதன்பிறகு அதைப் போட்டுக்கொண்டுதான் முள் வெட்டினேன், செங்கல் இறக்கினேன், கொத்தனாரோடு சண்டை போட்டேன். கிழக்கு ஜன்னலை அவர் சின்னதாக வைக்கப் பார்த்தார். விடுவேனா நான்?

மந்திரிப்பன்று எல்லோரும் செருப்பை வெளியே விட்டார்கள். "வீட்டுக்காரங்க முதல்ல போங்க" என்றார் ஃபாதர். நான் உங்கள் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா என் முந்தானையை இழுத்து, "அம்மா, செருப்பு" என்றாள். எனக்குத் தெரியாமலா? கழற்றாமலே உள்ளே போனேன். அடுப்படிவரை நடந்து, ஜன்னலுக்கு எதிரே நின்றேன். முகத்தில் வெயில் அடித்தது.

இனி அது வாசலில்தான் இருக்கும், மழையில் நனையாத மூலையில். ஸ்டெல்லாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் காலம் வரும்போது உங்கள் குழியைத் திறந்துதான் என்னையும் வைப்பார்கள். பெட்டியில் என்னோடு அதையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நானே கொண்டுவந்து உங்கள் காலில் மாட்டிவிடுவேன். அதுவரை அந்தக் கிழிந்த ஷூவைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் உங்கள் ஊட்டுக்காரி,
மேரி