ஒத்திகையில் நடுங்கிய கை

அம்மான்,
மார்ச் 3

அன்புத் தோழி இத்திமாத்,

ஃபெஸ் நகரில் நீயும் உன் மகள் ஷாமாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். அறுவை ஒத்திகைக்காக மெய்நிகர் அறையில் தினமும்தான் சந்திக்கிறோம். ஆனால் அங்கே நாம் பேசுவதைக் குழுவே கேட்கிறது. அதனால்தான் இந்த மின்கடிதம்.

நேற்று குழந்தை யசனின் இதயம் நம் இருவர் நடுவே ஆளுயரத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தபோது உன் வலது கை நடுங்கியது. கத்தரி இரண்டு முறை விலகிப்போனது. "இணையம் இழுக்குதுடி" என்று சிரித்தாய். என் கையை அந்த அறை சரியாகத்தானே காட்டியது? இன்னும் மூன்று வாரத்தில் நீ இங்கே வந்து நிஜமாகவே அவன் நெஞ்சைத் திறக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏதாவது சொல்.

உன் விஜ்தான்

ஃபெஸ்,
மார்ச் 6

விஜ்தான்,

கை அசைவை அந்த அறைக்குக் கடத்தும் கையுறையில் கோளாறு. மாற்றச் சொல்லியிருக்கிறேன். கெய்ரோவில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து என் கையைப் பார்த்தவள் நீ. ஒரு பொம்மை இதயத்தை வைத்தா அதை எடைபோடுகிறாய்? என் இடத்தில் நிற்க ஆசையென்றால் நேராகவே கேட்டிருக்கலாம்.

இத்திமாத்

அம்மான்,
மார்ச் 8

என் அருமை இத்திமாத்,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இன்று யசனின் அம்மா ருபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொராக்கோ டாக்டரம்மா கண்டிப்பா வந்துருவாங்கல்ல? ரொம்பக் கைராசியாமே!" என்று கேட்டாள். வருவாள் என்று தலையாட்டிவிட்டேன்.

உன் இடம் எனக்கு வேண்டாம். அங்கே நிற்கப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை அந்தக் கையுறையை வேறு யாருக்காவது மாட்டிப் பார். அது போதும்.

உன் விஜ்தான்

ஃபெஸ்,
மார்ச் 13

விஜ்தான்,

புதுக் கையுறை வந்தது. அதிலும் என் கை ஆடியது. ஷாமாவுக்கு மாட்டிப் பார்த்தேன். அவள் கை ஆடவே இல்லை. "உனக்குத்தாம்மா ஆடுது. சூப் குடிக்கிறப்பக்கூட ஆடுது. சொல்லப் பயமா இருந்துச்சு" என்றாள். நேற்று நரம்பு மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னதை இன்னும் என்னால் எழுத முடியவில்லை.

யசனுக்கு நீதான் அறுவை செய்ய வேண்டும். குழுவிடம் நானே சொல்லிவிடுகிறேன்; ருபாவிடமும் பேசுகிறேன். உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நாளை ஒத்திகையில் நீ வலப்பக்கம், என் இடத்தில் நில். பெரிய ரத்தநாளத்தைத் தைக்கும்போது எப்போதும் அவசரப்படுவாய். அந்த இடம் வந்ததும் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். அந்த அறையில் தொட்டால் தெரியாதுதான். இருந்தாலும் பிடிப்பேன்.

இத்திமாத்