அன்றைக்கு அவர் வரவில்லை

கை கழுவி இரண்டு மணி நேரம் ஆகிறது. உன் வீட்டு நெய்ச்சோற்று வாசம் இன்னும் விரலில் இருக்கிறது. இன்று உனக்கு நாற்பதாம் நாள். தென்காசியில் உன் வீட்டில் பாத்திஹா ஓதி, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு மேலகரம் திரும்பியிருக்கிறேன். சண்டை உன் வீட்டுக்காரரோடு. நாற்பது நாளாக அழுது முகம் வீங்கிக் கிடக்கிற மனிதரோடு, ஆட்கள் நிறைந்திருந்த வீட்டில். நீ இருந்திருந்தால் "ஏட்டி, உனக்கு நேரங்காலமே கிடையாதா?" என்று கேட்டிருப்பாய். அடுத்த நிமிஷமே, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டு வாங்கியிருப்பாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சலாலாவில் உன் வீட்டுக் கார் நின்ற நாளைப் பற்றித்தான் சண்டை.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஓமானில், சலாலா டவுனிலிருந்து வெகுதூரம் தள்ளி, மலையடிவாரத்தில் அந்த மாட்டுப் பண்ணை. அண்ணாச்சி (உன் புருஷனை நான் என்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன்) பால் குளிரூட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தீவனக் கிடங்கில் இருந்தார். குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். பஸ் கிடையாது. ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டுமென்றாலும் ஆண்கள் வேலை முடிந்து வந்து, குளித்து, டீ குடித்து, மனசு வைத்தால்தான் உண்டு. "நம்மூர்ல நடந்தே போயிருப்பேன்டி" என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாய்.

அந்தக் கோபத்தில்தான் நாம் லைசென்ஸ் எடுக்கப் போனோம். அங்கே டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திக் காட்ட வேண்டும். நீ முதல் தடவையே பாஸ். நான் மூன்று தடவை டிரம்மில் இடித்துவிட்டு வந்தேன். மூன்று தடவையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவள் நீ. நான்காவது தடவை நான் பாஸானபோது என்னைவிட நீதான் அதிகம் ஆடினாய்.

நீ லைசென்ஸ் வாங்கிய அன்று அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். "ஓட்டிக்கோ. வேண்டாம்னு சொல்லல. ஆனா என்னைக்காவது வழியில நின்னு, நான் வந்து வண்டிய எடுக்கிற மாதிரி ஆச்சுன்னா, அன்னைக்கே சாவி எங்கிட்ட வந்துரணும். இது காட்டு ஊரு." நீ "சரி மச்சான்" என்று மட்டும் சொன்னாய். அவர் மோசமானவர் இல்லை, பயந்தவர். ஆனால் அந்தப் பயத்துக்கெல்லாம் நாம்தான் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது என்பதை நான் இன்றைக்கும் மன்னிக்கத் தயாராக இல்லை.

அந்த ஜூன் மாதம் என் தங்கச்சி ஊரிலிருந்து பேசினாள். "சாரல் ஆரம்பிச்சிட்டுக்கா. அஞ்சருவியில தண்ணி விழுது. கூட்டம் தாங்கல" என்றாள். நான் அதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாய். அதே மாதங்களில்தான் சலாலா மலையிலும் பொடித்தூறல். கரீஃப் என்பார்கள். வளைகுடா முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது அந்த மலை மட்டும் பச்சையாகிவிடும். "அங்கன விழுற மழைதானட்டி இங்கனயும் விழுது. வா, போயி நனைஞ்சுட்டு வருவோம்" என்றாய். பையில் ஒரு துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் வைத்துக்கொண்டாய். குற்றாலத்துக்குப் போகிறவள் எண்ணெய் இல்லாமல் போவாளா?

அன்றைக்கு ஓட்டியது நான். எனக்கு லைசென்ஸ் கிடைத்துப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. மலை ஏற ஏறப் பஞ்சு மாதிரி மூட்டம். ஓர் ஏற்றத்தில், ரோட்டு ஓரமாக, வண்டியை மேல்முகமாகவே நிறுத்தினேன். எதிரே வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று ஹெட்லைட்டையும் நாலு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு, பெட்ரோல் வீணாக வேண்டாம் என்று இன்ஜினை மட்டும் அணைத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான். மூட்டத்தின் மறைவில் நீ முக்காட்டை இறக்கினாய். ஒருவர் தலையில் ஒருவர் எண்ணெயைத் தேய்த்தோம். வழிய வழியத் தேய்த்துவிட்டுச் சாரலில் போய் நின்றோம். நிற்கிறோம், நிற்கிறோம், எண்ணெய் போகிற வழியைக் காணோம். தூறலில் எண்ணெய் போகாது, அதற்கு அருவி வேண்டும் என்பது தென்காசியில் பிறந்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதை நினைத்துச் சிரித்துச் சிரித்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

திரும்பி வந்து சாவியைத் திருகினேன். டிக் என்றது. மறுபடி திருகினேன். அந்த டிக்கும் இல்லை. பழைய பேட்டரி, லைட் எரிந்தே செத்துப்போயிருந்தது.

ஃபோனில் சிக்னல் இருந்தது. அண்ணாச்சியின் நம்பரை எடுத்தேன். நீ ஃபோனைப் பிடுங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாய். நான் அழ ஆரம்பித்தேன். "என்னாலதான உன் சாவி போவப் போவுது" என்று தேம்பினேன்.

"சாவி எங்கயும் போவாது. மூக்கைச் சிந்திட்டு ஏறி உக்காரு" என்றாய்.

"நீ ஓட்டுட்டி. நான் தொடவே மாட்டேன்."

"நான் ஓட்டுனா ஆரு வழி சொல்லுவா? நீயா? மேல ஏத்தத்துல தள்ள நம்மால ஆவாது. ரிவர்ஸ் கியர்ல போட்டுக் கீழ உருட்டுனாலும் ஸ்டார்ட் ஆவும். நம்மூர் மினிபஸ்ஸை எத்தனை தடவ அப்படி எடுத்திருக்கான்!"

நீ தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வளர்ந்தவள். கண்டக்டர்கள் பஸ்ஸைப் பின்னால் எடுக்கவைக்கிற சத்தத்தில் தூங்கி எழுந்தவள். பாடியில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நில். அவ்வளவுதான் பாஷை. துப்பட்டா நுனியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளம் இருந்த பக்கமாகப் போய், வண்டியின் பின்பக்கவாட்டில் நின்றாய். உன்னைத் தாண்டி வண்டி போனால் பள்ளத்தில் என்று நான் புரிந்துகொண்டேன்.

அப்போதுதான் மூட்டத்துக்குள்ளிருந்து ஏழெட்டு ஒட்டகங்கள் வந்தன. பின்னால் ஒரு மலைக்காரர். எண்ணெய் வழிகிற இரண்டு பெண்களையும் காரையும் பார்த்தார். நீ சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டாய். ஆம்பளை எங்கே என்று அவர் அரபியில் கேட்டார். உனக்குத் தெரிந்த அரபியில் நீ ஒரே வார்த்தை சொன்னாய். "மாஃபி." இல்லை. அவர் பெரிதாகச் சிரித்துவிட்டு, ஒட்டகங்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

முதல் தடவை கிளட்சைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. இரண்டாவது தடவை உருண்டு வேகம் பிடித்தது, ஆனால் ஸ்டீயரிங்கில் எண்ணெய்க் கை வழுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் வெறும் வெள்ளை. இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இருந்தது. நீ ஒரே தட்டு தட்டி, "ஹோல்டான்!" என்று மலை அதிரக் கத்தினாய். இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து ஏறி நின்றேன். வண்டி நின்றது. நீ ஜன்னலுக்கு வந்து என் கையிரண்டையும் உன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாய். "டிரம்முல இடிச்சவதான நீ? இங்கன டிரம்மே கிடையாது, பயப்படாத" என்றாய். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மூன்றாவது தடவை இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே கூட ஓடி வந்தாய். "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, வரட்டும்!" நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. உன் சத்தத்தை வைத்தே பின்னால் போனேன். "விடு இப்பம்!" என்றாய். கிளட்சை விட்டேன். வண்டி முக்கி, உறுமி, ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒட்டகக்காரர் கை தட்டினார்.

நாம் வீடு வந்தபோது அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போனதாகச் சொல்வோம் என்று வழியெல்லாம் உன்னைக் கெஞ்சிக்கொண்டு வந்தேன். நீ காதிலேயே வாங்கவில்லை. இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னாய். எண்ணெய் உட்பட. அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "நீங்க வந்து எடுக்கிற மாதிரி ஆனாத்தான தரணும்? நீங்க டீல்லா குடிச்சுக்கிட்டு இருக்கிய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். இரண்டு நாள் அவர் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் புது பேட்டரி வாங்கிவந்து மாட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஓட்டினாய்! குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தபோது, ஆண்கள் யாரும் இல்லாத நேரத்தில், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது நீ. ஊருக்குத் திரும்பிய பின்னும் சாவியை விடவில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பார்க்க வந்த கார்களுக்கு நடுவே நாம் மாட்டிக்கொண்டோமே, ஒருவர் இறங்கிவந்து "நான் எடுத்துத் தரட்டுமாம்மா?" என்று கேட்டதற்கு, "உங்க வண்டிய முதல்ல எடுங்க" என்றாயே. அந்த ஆளின் முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் நாங்கள் உள்ளறையில் இருந்தோம். ஆண்கள் முன்னறையில். உன்னைப் பற்றித்தான் பேச்சு. அண்ணாச்சி குரல் கேட்டது. "சலாலாவுல ஒரு நாளு ரெண்டு பேரும் மலையில போயி மாட்டிக்கிட்டாளுவ. பாவம், அங்கன நின்னு அழுதுக்கிட்டு இருக்கா. நான் போயித்தான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன்." யாரோ "அல்லா, எவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்திய" என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்று தெரியும். உன்னைக் காப்பாற்ற முடியாமல் போன மனிதர், ஒரு தடவையாவது காப்பாற்றியதாக நினைத்துக்கொள்கிறார். எல்லாம் புரிந்தது. புரிந்தும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நீ இருந்தவரை அவர் இப்படிச் சொன்னதே இல்லை, நீ விட்டிருக்க மாட்டாய். எழுந்தேன். உன் நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து, "விடுங்கக்கா, அவுக மனசு ஆறட்டும்" என்றாள். முந்தானையை உருவிக்கொண்டு நிலைப்படியில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க வரல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரலியா?"

"வந்திருந்தா அன்னைக்கே சாவி உங்க கைக்கு வந்திருக்கும். கடைசி வரைக்கும் அது அவகிட்டதான இருந்துச்சு?"

அவர் யோசித்தார். அவர் முகத்தில் அந்த டீ டம்ளர் ஞாபகம் வந்ததைப் பார்த்தேன். "எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்லா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"வந்திருப்பிய. அதுக்குத்தான் போடல."

எனக்கும் அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அவர் மெதுவாக, "அவ அழுதாதான? மலையில தனியா நின்னு பயந்திருப்பால்லா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுக்கவில்லை.

"இல்ல அண்ணாச்சி. அழுதது நான்" என்றேன், அத்தனை ஆண்கள் முன்னாலும். "அவ சிரிச்சுக்கிட்டு நின்னா."

அடுத்த வருஷம் உன் வருஷப் பாத்திஹாவில் அவர் மறுபடி பழைய மாதிரியே சொல்லக்கூடும். மனுஷர் மனசு அப்படித்தான். சொல்லட்டும். நானும் அங்கே இருப்பேன். மறுபடி எழுந்திருப்பேன்.